நார்வேயின் லேர்டால் ஆறு, மீன்பிடி சாமான் கிருமிநீக்கச் சாவடி: கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள்

ஈரக்கால்:
கிருமிநீக்கம் செய்த சான்றிதழைச் சாவடிக்காரர் ஏறிட்டும் பார்க்கவில்லை. பூட்ஸின் ஃபெல்ட் அடியைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார். ஒரு சொட்டுக் கசிந்தது. உடனே தொட்டிக்குள் போட்டுவிட்டார். மேலே முழுக்கக் காய்ந்திருந்த பூட்ஸ் அது!

கீழ்மடை:
சால்மன் மீனைக் கொல்லும் ஜைரோ என்ற அரை மில்லிமீட்டர் ஒட்டுண்ணிக்கு அந்தச் சொட்டே போதும். ஆனால் 2017-லேயே ஜைரோ ஒழிந்ததாக அறிவித்தாயிற்றே, இன்னும் ஏன் இவ்வளவு கெடுபிடி?

சால்மன்தாசன்:
கீழ்மடை, ஒழிக்க எத்தனை வருஷம் ஆனது என்பதையும் சொல்லுங்கள். 1996-ல் கண்டுபிடித்தார்கள். 1997-ல் ரோட்டினோன் என்ற மீன்கொல்லி மருந்தை ஊற்றினார்கள். மீனெல்லாம் செத்தது, ஜைரோ திரும்பி வந்தது. 2005, 2006-ல் அமில அலுமினியம் சல்பேட். அளவு சரியாக இருந்தால் மீன் பிழைக்கும், ஒட்டுண்ணி மட்டும் சாகும். அதுவும் தோற்று, 2011, 2012-ல் மறுபடி. மருந்து கலந்த நீர் எட்டாத ஓர் ஊற்றுக்கண்ணில் ஒட்டுண்ணியோடு ஒரு மீன்குஞ்சு ஒளிந்திருந்தாலும் எல்லாம் வீண், ஏனென்றால் ஜைரோ முட்டையிடாது, நேராகக் குட்டி போட்டு மறுபடி பெருகிவிடும். 44 கிலோமீட்டர் ஆறுதான். கரைக்காரர்கள் மீன்பிடி உரிமையை வாடகைக்கு விட்டுச் சம்பாதிப்பது அதில்தான். சுவீடனில் பால்டிக் பக்கத்து ஆறுகளில் ஜைரோ இயல்பாகவே இருக்கிறது. அங்கே நனைந்த பூட்ஸ் நேராக இங்கே வரலாம்.

தொட்டிக்காரன்:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். விர்கான் எஸ் என்ற கிருமிநாசினித் தூள், 1 சதவீதம்: 10 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் தூள், 15 நிமிடம் முழுக முழுக. கரைசல் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், வெளுத்திருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். சேறு ஒட்டியிருந்தால் மருந்து அதிலேயே வீணாகும், முதலில் தேய்த்துக் கழுவுங்கள். மருந்து பிடிக்காதவர்களுக்கு 60 டிகிரிக்கு மேல் 1 மணி நேரச் சூடு, அல்லது ஒரு நாள் முழுக்க உறைபெட்டி. வெறுமனே உலர்த்துவதும் செல்லும், எலும்பாய்க் காய்ந்தால் மட்டும். ஃபெல்ட் அடியைவிட மோசம் ரீல்: மேலே சுற்றிய நூல் காய்ந்தாலும் அதற்கு அடியில் சுற்றியிருக்கும் பேக்கிங் (backing) நூல் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். முழுவதும் உருவித்தான் நனைக்க வேண்டும். வலையின் முடிச்சுகளும் அப்படித்தான். பிறகு ரீலைக் குழாய்த் தண்ணீரில் அலசுங்கள், இல்லையென்றால் மருந்து உலோகத்தை அரிக்கும். ஆற்றில் அலசினால் மருந்து ஆற்றுக்குள் போகும், அது வேண்டாம்.