புது வீட்டில் முதல் புயல்: மாடி ஷீட், ஜன்னல், தென்னை... எதை முதலில் பார்ப்பது?

முள்ளியாற்றங்கரை:
வணக்கம். திருத்துறைப்பூண்டி பக்கம் புது வீடு, ஆனியில்தான் கிரகப்பிரவேசம் ஆனது. தரைத்தளம் மட்டும், 1000 சதுர அடி கான்கிரீட் தளம். மாடியில் துணி காயப்போட 10க்கு 20 அடியில் ஷீட் கொட்டகை, 1000 லிட்டர் சின்டெக்ஸ். கிழக்கே இரண்டு பெரிய ஸ்லைடிங் ஜன்னல். கொல்லையில் வீட்டிலிருந்து 15 அடி தள்ளி மூன்று தென்னை, ஒரு முருங்கை. கடலில் தாழ்வு மண்டலம் புயலாக மாறும் என்கிறார்கள், கையில் மூன்று நாள் இருக்கிறது. ஷீட் மேல் மணல் மூட்டை அடுக்கினால் போதும் என்கிறார் கொத்தனார். ஜன்னல் கண்ணாடிக்கு டேப் ஒட்டலாமா? வீட்டில் அம்மா, மனைவி, குழந்தையோடு நான்கு பேர். இதுவரை இருந்ததெல்லாம் வெளியூரில் வாடகை வீடு என்பதால் ஒன்றும் பிடிபடவில்லை.

மட்டக்கோல்:
தம்பி, கான்கிரீட் தளமும் ஒன்பது இன்ச் சுவரும் எங்கேயும் போய்விடாது. வீடு கட்டி முடித்த பிறகு மாட்டியதுதான் போகும். அதில் முதல் ஆள் உங்கள் ஷீட் கொட்டகை.

மணல் மூட்டைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காற்றின் வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அதன் வர்க்கத்தை 0.6 ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் அழுத்தம் என்று வரும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரை கடந்தபோது காற்று மணிக்கு 120 கி.மீ. அளவில் இருந்தது. அதாவது வினாடிக்கு 33.3 மீட்டர். சதுர மீட்டருக்குச் சுமார் 665 நியூட்டன், எடைக் கணக்கில் சுமார் 68 கிலோ. உங்கள் கொட்டகை பதினெட்டரை சதுர மீட்டர் என்றால் மொத்தம் 1,250 கிலோவைத் தாண்டும். ஷீட்டின் சொந்த எடை நூறு கிலோகூடத் தேறாது. 40 கிலோ மூட்டை பத்து வைத்தாலும் 400 கிலோதான். போதாததற்கு, பக்கம் திறந்த கொட்டகையில் காற்று கீழிருந்து தள்ளும், மேலிருந்து உறிஞ்சும். ஓரத்திலும் மூலையிலும் இழுப்பு இன்னும் அதிகம். அங்கே ஒரு ஸ்க்ரூ தளர்ந்தால் ஷீட் படபடவென்று அடித்து, துளை பெரிதாகி, ஸ்க்ரூ தலையை அப்படியே விட்டுவிட்டுப் பறக்கும். பறந்த ஷீட் யார் வீட்டு ஜன்னலில் போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. மூட்டையும் தெருவில் கிடக்கும்.

ஆகவே கழற்றிவிடுங்கள். இரண்டு ஆள், ஒரு டிரில், 8 மி.மீ. சாக்கெட் இருந்தால் அரை நாள் வேலை. கழற்றியதை மாடியிலேயே அடுக்காமல் கீழே அறைக்குள் தட்டையாகப் போடுங்கள். வெறும் பைப் சட்டம் நிற்கட்டும், காற்று ஊடே போய்விடும். ஆள் கிடைக்கவில்லை என்றால் இரண்டாம்பட்ச வழி ஒன்று: ஷீட் மேல் குறுக்காக ஜிஐ பைப் வைத்து யு போல்ட்டால் கீழேயுள்ள பர்லினோடு (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) முடுக்குங்கள், ஓரங்களில் ஷீட்டின் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு ஸ்க்ரூ போடுங்கள். அதுவும் தூணின் அடித்தகடு தளத்தில் ஆங்கர் போல்ட்டில் நின்றால்தான் பிரயோஜனம். இல்லையென்றால் கொட்டகை மொத்தமாகக் கிளம்பும்.

சின்டெக்ஸை நிரப்பி வையுங்கள். நிறைந்தால் ஒரு டன், காலியாக இருந்தால் ஒரு ஆள் தூக்குகிற கனம்தான். மூடியைக் கயிறு போட்டுக் கட்டுங்கள்.

அடுத்து மழைநீர்க் குழாய் வாய். தென்னங்கீற்றுத் துணுக்கும் வேப்பிலையும் வந்து அடைத்தால் தளம் குளமாகிவிடும். 1000 சதுர அடியில் 10 செ.மீ. நின்றாலே ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல். தளம் அதைத் தாங்கும். ஆனால் மாடிப்படி அறைக் கதவின் அடியில் புகுந்து, படி வழியாக நேரே கூடத்துக்கு இறங்கிவிடும். அந்தக் கதவடியில் மணல் நிரப்பிய சாக்கை உள்பக்கமாகப் போட்டு வையுங்கள்.

வேதை காற்று:
டேப் வேண்டாம். உடைவதை அது தடுக்காது, பிறகு பசையைச் சுரண்டுவதுதான் மிச்சம். 12 மி.மீ. பிளைவுட்டை ஜன்னலை விட நாலு பக்கமும் நாலு இன்ச் பெரிதாக அறுத்து, வெளிப்பக்கம் சுவரில் அடிக்கு ஒரு போல்ட் போடுங்கள். ஸ்லைடிங் ஜன்னலின் அடித்தண்டவாளத்தில் தண்ணீர் வெளியேறச் சின்னத் துளைகள் இருக்கும். புது வீட்டில் அவை பெரும்பாலும் சிமெண்ட் பாலில் அடைந்தே கிடக்கும். கம்பி விட்டுக் குத்திவிடுங்கள், இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் உள்பக்கம் வழியும்.

கிழக்கு மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். புயலின் மையம் உங்களுக்குத் தெற்கே கரை கடந்தால் காற்று வடகிழக்கு, கிழக்கு, தென்கிழக்கு என்று திரும்பும். வடக்கே கடந்தால் வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு. அப்போது அடி வாங்குவது கொல்லைக் கதவு. நேர் மேலே புயலின் கண் (காற்றடங்கிய நடுப்பகுதி) வந்தால் சட்டென்று எல்லாம் அடங்கும். சில நிமிஷமும் இருக்கலாம், ஒரு மணி நேரமும் இருக்கலாம். "முடிந்தது" என்று மாடி ஏறுகிறவர்கள் அடிபடுவது அப்போதுதான். எதிர்த்திசையிலிருந்து காற்று முழு வேகத்தில் திரும்பி வரும்.

எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்து வைத்தால் அழுத்தம் குறையும் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். உள்ளே புகுந்த காற்று கதவைப் பெயர்க்கும்.

தென்னைக்கு ஆளை இன்றே பிடியுங்கள். நாளை மறுநாள் ஒரு மரமேறியும் அகப்பட மாட்டார். காய், இளநீர்க் குலை, காய்ந்த மட்டை, பாளை எல்லாம் இறங்கட்டும். குருத்தையும் அதைச் சுற்றியுள்ள மட்டைகளையும் தொட வேண்டாம். அப்படியும் 40 அடி மரம் 15 அடி தூரத்தில் இருந்தால் வீட்டின் மேல் விழ வாய்ப்பு உண்டு. அன்று ராத்திரி கொல்லைப்புற அறையில் படுக்காதீர்கள். முருங்கையை மார்பளவில் வெட்டிவிடுங்கள், தானே துளிர்க்கும்.

முள்ளியாற்றங்கரை:
ரொம்ப நன்றி. ஷீட் கழற்ற ஆள் சொல்லியாயிற்று. 150 ஆம்பியர் பேட்டரியோடு இன்வெர்ட்டர் இருக்கிறது. போதுமா, ஜெனரேட்டர் வாங்கிவிடலாமா?

பியூஸ் கேரியர்:
12 வோல்ட், 150 ஆம்பியர்னா 1,800 வாட்-மணி. கைக்கு வர்றது 1,200ன்னு வச்சுக்குங்க. பழைய 75 வாட் ஃபேன் ரெண்டு ஓடுனா எட்டு மணி நேரம், தீர்ந்துது. கரண்ட் கம்மியா இழுக்குற 30 வாட் பிஎல்டிசி ஃபேன் ஒண்ணு, ரெண்டு எல்இடி, போன் சார்ஜ், இவ்வளவுதான்னா இருபது மணி நேரம் கிட்ட வரும். அதனால ராத்திரி சமாளிச்சுடலாம். கஷ்டம் அதுக்கப்புறம்தான். கஜாவுக்குப் பிறகு பல கிராமத்துல வாரக்கணக்குல கரண்ட் இல்ல. பேட்டரியைத் தரையில வைக்காம மூணடி உயரத்துல ஏத்துங்க.

ஜெனரேட்டர் வாங்க வேணாம், தண்ணி ஏத்த வாடகைக்கு எடுத்தாப் போதும். ஒரு எச்பி மோனோபிளாக் தண்ணி மோட்டாருக்கு ரெண்டரை கேவிஏ வேணும், ஸ்டார்ட் ஆகுறப்ப இழுக்குறது அதிகம். சுவர் பிளக்குல ரெண்டு பக்கமும் முள் வச்ச ஒயர் குத்தி வீட்டுக்குக் கொடுக்கவே கூடாது. அது லைன்ல திரும்பிப் போயி டிரான்ஸ்பார்மர்ல 11,000 வோல்ட்டா ஏறி, கம்பம் மேல வேலை பாக்குறவரைக் கொன்னுடும். மெயினை இறக்கிட்டு, மோட்டார் ஒயரைத் தனியாப் பிரிச்சு நேரா ஜெனரேட்டர்ல மாட்டுங்க. மெஷின் வெளியில, ஜன்னலுக்குத் தள்ளி நிக்கணும், புகையில ஆள் போயிடும். அறுந்து கிடக்கிற கம்பி பக்கமே போகாதீங்க, மின்வாரியப் புகார் மையம் மின்னகம் 94987 94987க்குச் சொல்லுங்க. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.

குடிதண்ணி ஆளுக்கு மூணு லிட்டர்னு நாலு பேருக்கு அஞ்சு நாளைக்கு 60 லிட்டர், அதாவது மூணு கேன். கீழே பிளாஸ்டிக் தொட்டி புதைச்சிருந்தா அதையும் நிரப்புங்க. நிலத்தடி நீர் ஏறுனா காலித் தொட்டி மண்ணைப் பேத்துக்கிட்டு மிதக்கும்.

மட்டக்கோல்:
செப்டிக் டேங்கை விட்டுவிட்டோம். கடல் மட்டம் ஏறியிருக்கும் நேரத்தில் வடிகால் ஆறுகளில் தண்ணீர் இறங்காது, வயலும் தெருவும் ஒரே மட்டமாக நிற்கும். டேங்க் மட்டத்துக்கு நீர் ஏறினால் கழிவறைப் பீங்கான் வழியாக எதிர்த்து வரும். கெட்டியான பிளாஸ்டிக் பையில் மணல் கட்டிப் பீங்கானில் அழுத்தி வையுங்கள். தண்ணீர் வடிந்த பின் செருப்பும் டார்ச்சும் இல்லாமல் கொல்லைக்குப் போகாதீர்கள், பாம்பு ஏறியிருக்கும்.

வீட்டுக் கடனோடு காப்பீடு எடுத்திருந்தால் பாலிசியில் புயல், வெள்ளம் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுக் காப்பீட்டு பாலிசி என்றால் இரண்டும் அடக்கம். மாடி, ஜன்னல், சாமான் எல்லாவற்றையும் இன்றே படம் எடுத்து வையுங்கள்.

பிறகு ஷீட்டைத் திரும்பப் போடும்போது பழைய ஸ்க்ரூவைப் பழைய துளையில் முடுக்காதீர்கள், பிடிக்காது. ஒரு சைஸ் பெரியது, ரப்பர் வாஷரோடு புதிதாக வாங்கிப் போடுங்கள்.