அவசரம்: சிஸ்டரின் போன் பஸ்ஸில் தொலைந்துவிட்டது, நோயாளிகள் விவரம் அதில் இருக்கிறது

கடலோர_கேர், மாலை 6:52
எங்கள் வீட்டு நர்சிங் ஏஜென்சி சிஸ்டரின் போன் ஏர்வாடியிலிருந்து கீழக்கரை வரும் பஸ்ஸில் தொலைந்துவிட்டது. வீட்டுக்கே போய்ப் பார்க்கும் நோயாளிகளின் விவரம் எல்லாம் அதில்தான். எப்படி அழிப்பது? சீக்கிரம் சொல்லுங்கள்.

பாம்பன்_காற்று
ஆண்ட்ராய்டா, ஐபோனா? லாக் உண்டா? அடித்தால் மணி போகிறதா?

உப்பளம்
விவரம் என்றால் எது? வாட்ஸ்அப்பா, கூகுள் ஷீட்டா? போன் உங்கள் ஏஜென்சியுடையதா, சிஸ்டரின் சொந்தமா?

தொண்டிக்காரன்
முதலில் சிம்மை பிளாக் செய்யுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். ஓடிபியை வைத்துப் பணத்தை எடுத்துவிடுவார்கள். என் மச்சானுக்கு அப்படித்தான் போனது.

கடலோர_கேர், 7:05
ஆண்ட்ராய்டு, சிஸ்டரின் சொந்த போன். பேட்டர்ன் லாக் உண்டு. மணி போகிறது, யாரும் எடுக்கவில்லை. ஷீட்டில் 11 வீட்டின் முகவரி, மருந்து, சர்க்கரை அளவு. படங்களும் இருக்கின்றன. ஒரு பெரியவருக்கு இடுப்பில் படுக்கைப் புண். பக்கத்தில் ஸ்கேல் வைத்து தினமும் படம் எடுத்து துபாயில் இருக்கும் மகனுக்கு அனுப்புவோம். அது வெளியே போனால் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்?

முத்துக்கரை
தங்கச்சி, சிம்மை இப்போதே பிளாக் செய்யாதீர்கள். அழிக்கச் சொல்லும் கட்டளை இணையம் வழியாகத்தான் போனுக்குப் போகும். சிம் செத்தால் அந்த வழி அடைபட்டுவிடும். வேறு போனில் சிஸ்டரின் ஜிமெயிலைத் திறந்து, கூகுளின் தொலைந்த போன் தேடும் பக்கத்துக்குப் போங்கள். வரைபடத்தில் இடத்தைப் பார்த்துக்கொண்டு அழியுங்கள், அழித்தபின் இடம் தெரியாது. அதன்பிறகு சிம், பாஸ்வேர்டு. ஷீட்டில் சிஸ்டருக்குக் கொடுத்த அனுமதியை மட்டும் நீங்கள் இந்த நிமிடமே எடுத்துவிடலாம்.

தொண்டிக்காரன்
அதற்குள் பேங்க் காலியானால் நீங்கள் கொடுப்பீர்களா?

முத்துக்கரை
பேங்குக்கு போன் செய்து யூபிஐயை நிறுத்தச் சொல்லலாம், அதற்கு சிம்மைக் கொல்ல வேண்டியதில்லை. பத்து நிமிடம் பார்த்தும் போன் ஆன்லைனில் வரவில்லை என்றால் பிளாக் செய்யட்டும்.

பழைய_கை
இதெல்லாம் ஏஜென்சி தொடங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டிய பாலபாடம். நோயாளி விவரத்தை ஊழியரின் சொந்த போனில் யாராவது வைப்பார்களா? டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 2023இல். பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை. முதலில் அதைப் படியுங்கள்.

உப்பளம்
ஐயா, 250 கோடி என்பது உச்ச வரம்பு. அந்தச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் உண்டு. தவித்துக்கொண்டிருப்பவரை இப்போது ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

மண்டபம்_சிஸ்டர்
அதற்குத்தான் நான் இன்னமும் நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறேன். நோட்டை யாரும் ஹேக் செய்ய முடியாது.

உப்பளம்
அந்த நோட்டு நோயாளி வீட்டுத் திண்ணையில்தானே கிடக்கிறது? என் பாட்டிக்குச் சிறுநீர்க் குழாய் போட்டிருந்ததை எதிர்வீட்டார் அதைப் புரட்டித்தான் தெரிந்துகொண்டார்கள். பாட்டி சாகும்வரை அதைச் சொல்லி வருந்தினார்.

மண்டபம்_சிஸ்டர்
அது நோட்டின் குற்றம் இல்லை, வைத்த இடத்தின் குற்றம். நான் பையிலேயே வைத்திருப்பேன்.

பழைய_கை
அந்தச் சட்டம் காகிதத்துக்குப் பொருந்தாது, டிஜிட்டல் தரவுக்கு மட்டும்தான்.

உப்பளம்
சட்டம் பொருந்தாவிட்டால் பாட்டிக்கு வருத்தம் இருக்காதா?

பாம்பன்_காற்று
நோட்டுப் பஞ்சாயத்தை நிறுத்துங்கள். அக்கா, போனில் மெமரி கார்டு இருந்ததா? கூகுள் வழியாக அழித்தாலும் கார்டில் உள்ளது அழியாமல் போகலாம். கார்டை என்கிரிப்ட் செய்து (வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டி) வைத்திருக்காவிட்டால், கழற்றி வேறு போனில் போட்டாலே படம் தெரியும், பேட்டர்ன் தேவையில்லை.

முத்துக்கரை
நல்ல கேள்வி. கேமராவில் எடுத்தவை எங்கே சேமிப்பாகின்றன என்று சிஸ்டரிடம் கேளுங்கள். அழித்த பிறகு போலீஸில் புகார் கொடுத்து, அந்த நகலோடு அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐயை, அதாவது போனின் அடையாள எண்ணை, பிளாக் செய்யுங்கள். அந்த எண் போன் பெட்டியில் இருக்கும், இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண். இதையும் கடைசியில்தான் செய்ய வேண்டும், செய்தால் போனுக்கு நெட்வொர்க் கிடைக்காது.

பாம்பன்_காற்று
அக்கா, என்ன ஆனது?

தொண்டிக்காரன்
பேங்குக்காவது போன் செய்தீர்களா?

கடலோர_கேர், இரவு 10:18
பேங்குக்குச் சொல்லியாயிற்று. 7:40க்கு ஏர்வாடி பக்கம் காட்டியது, அழித்துவிட்டதாகச் செய்தி வந்தது. அப்புறம்தான் சிம். நன்றி முத்துக்கரை காக்கா (அண்ணா). கார்டு இருந்திருக்கிறது, படங்கள் அதில்தான். துபாய்க்கு போன் செய்து சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. மற்ற பத்து வீட்டுக்கும் காலையில் சிஸ்டரோடு நானே போகிறேன்.