‘ஷிஃப்டிங் பேஸ்லைன்’: ‘ஒப்புநிலை நழுவல்’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

‘ஷிஃப்டிங் பேஸ்லைன் சிண்ட்ரோம்’ என்ற ஆங்கிலத் தொடருக்குத் தமிழ்ச் சொல்லாக இந்த இழையில் இதுவரை வந்தவை: நகரும் அடிக்கோடு, அடிநிலைச் சரிவு, தலைமுறை மறதி. முதல் இரண்டிலும் எனக்கு இடறுவது ‘அடி’ என்ற சொல்.

மீன்வள அறிவியலாளர் டேனியல் பாலி 1995-இல் ஒரே பக்கக் கட்டுரை ஒன்றில் இந்தக் கருத்தை முன்வைத்தார். மீன்வளத்தை ஆராய்கிற ஒவ்வொரு தலைமுறையும், தான் வேலைக்கு வந்த காலத்தில் கடலில் எவ்வளவு மீன், என்னென்ன மீன் இருந்ததோ அதையே இயல்பு என்று வைத்துக்கொள்கிறது. குறைவதையெல்லாம் அங்கிருந்தே அளக்கிறது. அவர்கள் ஓய்வு பெறும்போது மீன் இன்னும் குறைந்திருக்கும். அடுத்து வருகிறவர்களுக்கு அந்தக் குறைந்த அளவே இயல்பு.

இதை வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். ‘பேஸ்லைன்’ நிற்பது இடப்பக்கம், உச்சியில். கோடு அங்கிருந்துதான் இறங்குகிறது. உச்சியில் இருப்பதற்கு ‘அடிநிலை’ என்று பெயர் வைத்தால், ‘அடிநிலைச் சரிவு’ என்று படிக்கிறவர் மீன்வளம் அதலபாதாளத்துக்குப் போய்விட்டது என்றுதான் புரிந்துகொள்வார். குறைவது மீன். கைவிட்டுப் போவது நம் அளவுகோல். இந்த இரண்டும் ஒரே சொல்லில் கலந்துவிடக் கூடாது. ஒப்பிடுவதற்காக வைத்துக்கொள்ளும் நிலை என்பதால் ‘ஒப்புநிலை’ என்கிறேன்.

‘ஒப்பு’ என்றால் சம்மதம் என்றும் பொருள் வருமே என்று நீங்கள் கேட்கலாம்.

வரட்டுமே. ஒவ்வொரு தலைமுறையும் யோசிக்காமல் ஒப்புக்கொண்ட நிலைதானே அது!

அப்புறம், ‘நகரும்’, ‘மாறும்’ இரண்டும் எந்தத் திசைக்கும் பொருந்தும். ‘நழுவல்’ என்றால் பிடி தளர்ந்து, தெரியாமலே போவது. பாலி தன் கட்டுரையிலேயே ஒரு செய்தி சொல்கிறார். 1920-களில் டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் இடையிலுள்ள கட்டெகாட் கடலில், அவருடைய சக ஆய்வாளர் ஒருவரின் தாத்தா கானாங்கெளுத்திக்கு வலை விரிப்பார். நீலத்துடுப்புச் சூரைகள் வந்து அந்த வலையில் சிக்கிக்கொள்ளும். அன்று அவற்றை வாங்க ஆளில்லை; அவருக்கு எரிச்சல்தான் மிச்சம். அந்த எரிச்சலை எந்தப் புள்ளிவிவர அட்டவணையும் குறித்து வைக்கவில்லை. எனக்கு இதில் மனம் கனக்கிறது. அந்தக் கடலில் ஒரு காலத்தில் சூரை தொல்லையாகத் தெரியும் அளவுக்கு இருந்தது என்பதற்கு ஒரு கிழவரின் பேச்சும் சாட்சி.

‘தலைமுறை மறதி’ அழகான சொல்தான், ஆனால் இங்கே பொருந்தவில்லை. மறப்பதற்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும். கலிபோர்னியா வளைகுடாவில் மூன்று தலைமுறையைச் சேர்ந்த 108 மீனவர்களைக் கேட்டு 2005-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. முன்பு நிறையக் கிடைத்து இப்போது அருகிப்போன மீன்கள் எவை என்ற கேள்விக்கு, இளையவர்களைப் போல ஐந்து மடங்கு இனங்களை முதியவர்கள் சொன்னார்கள். அவர்கள் எதையும் மறக்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது இளையவர்களிடம் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட் படங்களையும் பார்த்துவிடுங்கள். சுற்றுலாவாக மீன்பிடிக்கப் போனவர்கள், பிடித்ததைத் துறையில் ஒரு பலகையில் தொங்கவிட்டு முன்னால் நின்று எடுத்துக்கொண்டவை. 1956 முதல் 2007 வரையிலான படங்களை ஆய்வாளர் லோரன் மெக்ளெனக்கன் அளந்தார். பழைய படங்களில் ஆள் உயரக் களவாய்கள். புதியவற்றில் கையில் தூக்கிப் பிடிக்கிற அளவு மீன்கள். சராசரி எடை 19.9 கிலோவிலிருந்து 2.3 கிலோவுக்கு வந்துவிட்டது. முகத்தில் சிரிப்பு மட்டும் குறையவே இல்லை. அந்தச் சிரிப்புக்குப் பெயர்தான் நாம் தேடுகிற சொல்.

சரி, வாக்கியத்தில் உட்கார வைத்துப் பார்ப்போம்:

“உலக மீன்பிடிப் புள்ளிவிவரம் 1950-இலிருந்து தொடங்குவதால், அதை மட்டும் நம்பும் மதிப்பீட்டில் ஒப்புநிலை முன்பே நழுவியிருக்கும்.”

“நழுவிய ஒப்புநிலையை வைத்து மீட்பு இலக்கு குறிக்கக் கூடாது.”

பெயராகவும் வினையாகவும் நிற்கிறது. ‘பேஸ்லைன்’ ஆண்டுக்கு ஒப்பாண்டு, ‘பேஸ்லைன்’ தரவுக்கு ஒப்புத்தரவு என்று கிளையும் விடுகிறது. ‘அடிக்கோடு நகர்ந்தது’ என்று இதே இடத்தில் போட்டுப் படித்தால் அச்சுப்பிழை போலிருக்கிறது.

மீதி ‘சிண்ட்ரோம்’. மருத்துவத்தில் ‘நோய்த்தொகை’ என்கிறோம்; இங்கே அது பாரம். ஆனால் பாலி அந்தச் சொல்லைத் தம் துறையினரைப் பார்த்தே சொன்னார், அந்தக் குத்தலை இழக்க எனக்கு விருப்பமில்லை. ஆகவே அவர் கட்டுரையைக் குறிக்கும்போது ‘ஒப்புநிலை நழுவல் பிணி’, பொதுவழக்கில் ‘ஒப்புநிலை நழுவல்’ என்று வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். ‘பிணி’யைவிடப் பொருத்தமான சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.