ஏமாற்ற ஆரம்பித்த பிறகும் ஏஜென்டின் நம்பிக்கை மதிப்பு இறங்க மாட்டேன் என்கிறது, உதவுங்கள்

கூகைக்குரல்:
வணக்கம். முதுகலை ப்ராஜெக்டுக்காக பைத்தானில் ஒரு சந்தை சிமுலேஷன் எழுதியிருக்கிறேன். அதில் 40 ஏஜென்ட்கள், அதாவது தாமாக வாங்கி விற்கும் சின்ன நிரல்கள். ஒரு விற்பனையாளரை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு, நல்ல, கெட்ட விற்பனைகளை எண்ணி மதிப்புப் போடும் பீட்டா ரெபுடேஷன்: (நல்லது + 1) ÷ (நல்லது + கெட்டது + 2). மதிப்பு 0.7-க்குக் கீழே போனால் யாரும் வாங்கக் கூடாது. 17-ஆம் ஏஜென்ட் சுற்றுக்கு ஒன்றாக 200 முறை ஒழுங்காக விற்கும், பிறகு ஓட்டைச் சரக்குதான். பேப்பரில் போட்டுப் பார்த்தால் 86-வது ஏமாற்றில் அது 0.7-க்குக் கீழே வர வேண்டும். 150 தாண்டியும் 0.9-லேயே நிற்கிறது. இரண்டு நாளாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன்.

பழையமவுஸ்:
86 என்பதே அதிகம் தம்பி. இந்தச் சூத்திரத்துக்கு நேற்று நடந்ததும் போன வருடம் நடந்ததும் ஒன்றுதான். இந்த முறையை முன்வைத்து யோசாங்கும் இஸ்மாயிலும் 2002-ல் எழுதிய கட்டுரையிலேயே இதற்கு மறதிக் காரணி உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் பழைய எண்ணிக்கை இரண்டையும் லாம்டா என்ற, 1-க்குக் குறைவான எண்ணால் பெருக்கிவிட்டு, அப்புறம் புதியதைக் கூட்டுங்கள். லாம்டா 0.95 என்றால் 'நல்லது' 20-க்கு மேல் ஏறாது, 7-வது ஏமாற்றிலேயே 17 மாட்டிக்கொள்ளும். மதிப்பு 0.955-ஐத் தாண்டாது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

கூகைக்குரல்:
போட்டுப் பார்த்தேன் அண்ணா, ஊஹூம். லாம்டாவை எடுத்துவிட்டு லாகை (நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் கோப்பை)த் திறந்தால் இன்னொரு கூத்து. 4-ஆம் ஏஜென்ட் 17-இடம் நேரடியாக வாங்கியது 6 முறை. அதன் கணக்கில் 'நல்லது' 3,412!

நெய்தல்நிலா:
17 விற்றதே 200 தான், 3,412 எங்கிருந்து வந்தது? ஓர் ஏஜென்ட் 17-ஐப் பற்றிச் சாட்சி கேட்கும்போது மற்ற ஏஜென்ட்கள் எதைக் கொடுக்கின்றன? சொந்த அனுபவத்தை மட்டுமா, கேட்டுச் சேர்த்ததையும் சேர்த்தா?

கூகைக்குரல்:
சேர்த்துத்தான். பைத்தானில் தரவைச் சேமிக்கும் ஒரே டிக்‌ஷனரியில் இரண்டையும் வைத்திருக்கிறேன்.

நெய்தல்நிலா:
அதுதான் வினை. நீங்கள் சொன்னது ஊரைச் சுற்றி உங்கள் காதுக்கே வருகிறது, நீங்களும் அதைப் புதுச் செய்தி என்று கணக்கில் ஏற்றுகிறீர்கள். முதல் 200 சுற்றில் வந்த நல்ல பெயர் இப்படிக் குட்டி போட்டுக்கொண்டே போகிறது, பின்னால் வரும் 'கெட்டது' அதை எட்டிப் பிடிக்க முடிவதில்லை. லாம்டா தேய்ப்பதைவிட வேகமாக இது பெருக்குகிறது. நேரடி அனுபவத்தைத் தனி டிக்‌ஷனரியில் வையுங்கள், வெளியே சொல்வது அதை மட்டும். கேட்டதைக் கூட்டி மதிப்புப் போடுங்கள், சேமிக்காதீர்கள்.

கூகைக்குரல்:
லாம்டா இல்லாமல் சரியாக 86, போட்டால் 7! நன்றி. ஆனால் 17-ஐக் கொஞ்சம் புத்திசாலியாக்கினேன். 7 முறை ஏமாற்றிவிட்டு 0.68-ல் நிற்கும்போது இரண்டே இரண்டு நல்ல விற்பனை, மறுபடி 0.707. திரும்பக் கடையைத் திறந்துவிடுகிறது.

பழையமவுஸ்:
மறதி இருந்தால் மன்னிப்பும் சீக்கிரம் கிடைக்கும், லாம்டாவின் மறுபக்கம் அதுதான். வெளியே போக 0.7, உள்ளே வர 0.9 என்று இரண்டு கோடு போடுங்கள். அப்போது திரும்பி வர 32 நல்ல விற்பனை வேண்டும். கெட்டதுக்குக் கூடுதல் எடை கொடுப்பதும் ஒரு வழி. ஆனால் தவறுதலாக ஒருமுறை சொதப்பிய நல்ல ஏஜென்டும் அதில் அடிவாங்கும், எனக்கு அது பிடிக்காது.

கூகைக்குரல்:
0.7-க்குக் கீழே யாருமே வாங்க மாட்டார்களே, அந்த 32-ஐ யாரிடம் விற்கும்?

பழையமவுஸ்:
நல்ல கேள்வி. விலை குறைந்த பொருளை மட்டும், நூறில் ஐந்து முறை, சந்தேகப்பட்டியலில் இருப்பவர்களிடமும் வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். புதிதாக வரும் ஏஜென்டுக்கும் இதே வாசல்தான், 0.5-ல் நிற்கும் அதை வேறு யார் சீண்டுவார்கள்?

நெய்தல்நிலா:
அந்த வாசலைத் திறந்ததும் 17 பழைய பெயரைக் கழற்றிவிட்டு 41 என்று வந்து நிற்கும், பாருங்கள். ஆய்வாளர்கள் ஃப்ரீட்மனும் ரெஸ்னிக்கும் 2001-லேயே இதை அலசியிருக்கிறார்கள்: பெயர் மாற்றச் செலவில்லை என்றால் புதியவர்கள் எல்லோரும் கொஞ்ச காலம் கஷ்டப்பட்டுத்தான் தீர வேண்டும். சாட்சிகளே பொய் சொன்னால் என்ன செய்வது என்பது அடுத்த தலைவலி. அதற்கு 2006-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் வந்த டிராவோஸ் என்ற நம்பிக்கைக் கணக்கு மாதிரியைப் படியுங்கள். சாட்சி முன்பு சொன்னது எவ்வளவு தூரம் சரியாக இருந்தது என்று பார்த்து, அதற்கேற்ப அதன் பேச்சைக் குறைத்து எடுத்துக்கொள்ளும்.

கூகைக்குரல்:
41 வந்துவிட்டது. இரவு 2 மணி. நாளைக்குப் பார்க்கிறேன்.