மூன்றாவது சரணம்

கீபோர்டு வாசிப்பவர், பழங்காநத்தம்

இருபத்திரண்டு வருடங்களாக மதுரையில் கல்யாண வரவேற்புகளில் வாசிக்கிறேன். கச்சேரி நடுவே, "எங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு பாட்டுப் பாடும்" என்று மேடையேற்றிவிடுவது எல்லா மண்டபத்திலும் உள்ள வழக்கம். பிள்ளை சினிமாப் பாட்டு ஒன்றைப் பாடும், நாங்கள் சுதியைத் துரத்திப் பிடிப்போம், தாய்மாமன் ஐந்நூறு ரூபாய் கொடுப்பார், முடிந்தது. போன மாதம் ஏறிய பெண்ணுக்குப் பதினாறு வயதிருக்கும். தோளில் கிட்டார். அதன் கழுத்தில் பென்சில் ஒன்றைக் குறுக்கே வைத்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தாள்.

வயர் செருக அந்தக் கிட்டாரில் இடமே இல்லை. ஓட்டைக்கு நேரே மைக் வைத்தால் ஸ்பீக்கர் ஊளையிட்டது. கழுத்தும் உடம்பும் சேரும் இடத்துக்குத் தள்ளி வைத்த பிறகுதான் அடங்கியது. "என்ன பாட்டு பாப்பா?" என்றேன். "நானே எழுதியது அண்ணே." எங்கள் பாடகர் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

பாட்டு யானைக்கல் தரைப்பாலத்தைப் பற்றியது. வைகையில் தண்ணீர் வந்தால் பாலத்தை அடைத்துவிடுவார்கள், டியூஷனுக்குப் போக வேண்டாம். ஊரே மழைக்கு வேண்டிக்கொள்ள, தான் மட்டும் வேறு காரணத்துக்காக வேண்டிக்கொள்வதாக முதல் சரணம். தரைப்பாலம் மூழ்கிய நாளில், 1889இல் திறந்த ஏ.வி. (ஆல்பர்ட் விக்டர்) பாலம் வேட்டியை மடித்துக் கட்டிய தாத்தாவைப் போல ஆற்றுக்குள் நிற்பதாக இரண்டாவது. வாசிப்பதை விட்டுவிட்டுக் கேட்கத் தொடங்கிவிட்டேன். அந்தச் சரணம் முடிந்து, தொடங்கிய ஏ மேஜர் கார்டுக்கே வந்து நின்றாள். தொடங்கிய கார்டுக்கே திரும்பினால் பாட்டு முடிந்ததுபோலக் கேட்கும். கூட்டத்தில் ஒரு கைதட்டல் இல்லை. தெரிந்த பாட்டு என்றால் எங்கே தட்ட வேண்டும் என்று சனங்களுக்குத் தெரியும். தெரியாத பாட்டு எங்கே முடிகிறது என்று யார் கண்டார்கள்? பிள்ளை திணறுகிறது பாவம் என்று நானே ஏ மேஜரை அழுத்தி, டிரம்ஸ்காரரிடம் கண்ணைக் காட்டி முடித்துவைத்தேன். நல்ல கைதட்டல்.

இறங்கும்போது என் பக்கத்தில் வந்து, "அண்ணே, இன்னும் ஒரு சரணம் இருந்தது" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. அவளை யாருக்காவது தெரியுமா?

கிட்டார் பழுது பார்ப்பவர், தெற்கு மாசி வீதி

பென்சில் என்றதும் தெரிந்துவிட்டது. என் கடைக்கு வந்த கிட்டார்தான். கேப்போ, அதாவது கழுத்தில் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி, வாங்கக் காசில்லாமல் இரண்டாவது கட்டத்தில் பென்சிலைக் கட்டிச் சுதியை ஏற்றியிருக்கிறாள். ஜி மேஜருக்கு விரல் வைத்தால் ஏ மேஜர் பேசும்.

அவள் கொண்டுவந்தபோது, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் பலகையை விட்டு எழும்பியிருந்தது. தபால் அட்டை உள்ளே போகும் அளவுக்கு இடைவெளி. "எங்கே வைக்கிறாய் தாயி?" என்றேன். தகரக் கூரைக்குக் கீழே ஆணியில் தொங்குகிறதாம். சித்திரை வெயிலில் தகரத்துக்குக் கீழே பசை இளகிவிடும். ஆறு கம்பியும் சேர்ந்து எழுபது கிலோவுக்குமேல் இழுக்கிறது. எழும்பாமல் என்ன செய்யும்? கம்பி அவ்வளவு உயரத்தில் நின்றால் அழுத்திப் பிடிக்கப் பெரியவர்களுக்கே கை வலிக்கும். அவளுடைய இடது கை விரல் நுனிகள் காய்த்து, உரிந்து, மறுபடி காய்த்திருந்தன. ஒட்டிக் கிளாம்ப் போட்டு ஒரு நாள் முழுக்க விட்டுவைத்தேன். மெல்லிய கம்பியாக மாற்றிக் கொடுத்தேன். கேப்போ ஒன்றையும் சும்மா கொடுத்தேன், வாங்கவில்லை. பாட்டு விற்ற பிறகு காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறாளாம்.

வாய்ப்பாட்டு ஆசிரியை, எஸ்.எஸ். காலனி

எல்லோரும் உருகி முடித்துவிட்டீர்களா? என்னிடம் இரண்டு வருடம் படித்தாள். அலங்காரம் என்ற ஆரம்பப் பாடத்தோடு நின்றுவிட்டாள். சொல் நன்றாக வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுதுகிற எல்லாவற்றுக்கும் ஒரே மெட்டு. மேல் ஷட்ஜத்துக்கு, அதாவது மேல் 'ஸ'வுக்கு, போனால் கழுத்து நரம்பு புடைக்கிறது. வயதைச் சொல்லிச் சலுகை கேட்காதீர்கள். இதே மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி 1926இல் பத்து வயதில் இசைத்தட்டு கொடுத்தவர். தினமும் விடியற்காலையில் ஒரு மணி நேரம் 'ஆ' என்று நீட்டிப் பாடும் அகார சாதகம் செய்யச் சொல்லுங்கள். பழைய ஃபீஸ் பாக்கிக்குப் பயந்துதான் வராமல் இருக்கிறாள் என்றால், அதை நான் கேட்கப்போவதில்லை.

வழக்கறிஞர், கே.கே. நகர்

பாட்டு விற்பது என்றதும் புரிந்தது. அவள் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். ஒப்பந்தம் ஒன்றை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். பதினோரு பக்கம், முழுக்க ஆங்கிலம். வரி, மெட்டு, ஒலிப்பதிவு, இன்னும் ஐந்து வருடத்தில் அவள் எழுதப்போவது எல்லாமே அவர்களுக்கு. பதிலுக்கு ஒரு வீடியோ எடுத்துத் தருவார்களாம், அந்தச் செலவிலும் பாதி இவர்கள் தலையில். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தாள், பெயருக்குக் கீழே சின்னதாக ஒரு கிட்டார் படத்தோடு.

பதினெட்டு நிறையாதவர் போட்ட ஒப்பந்தம் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. அது அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் கடைசிப் பக்கத்தில் அப்பாவுக்கு இடம் விட்டிருந்தார்கள். அங்கே மட்டும் கை வைக்காதீர்கள் என்றேன். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாட்டின் உரிமையையே எழுதிக் கொடுத்தாலும் எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் வர வேண்டிய ராயல்டிப் பங்கை நிறுவனம் எழுதி வாங்கிக்கொள்ள முடியாது. அரசிடம் பதிவு செய்தால்தான் உரிமை என்றும் பலர் நினைக்கிறார்கள். எழுதிய அன்றே உரிமை வந்துவிடுகிறது. தேதி போட்டு எழுதிய நோட்டைப் பத்திரமாக வைக்கச் சொன்னேன். "கணக்கு நோட்டின் பின்பக்கம் எழுதியிருக்கிறாள், பரவாயில்லையா?" என்று கேட்டார்.

பக்கத்து வீட்டுக்காரி, செல்லூர்

நேற்று மாலை மாடியில் காய்ந்த துணி எடுக்கப் போனேன். ஃபோனைத் துளசித் தொட்டியில் சாய்த்து வைத்துப் பதிவு செய்துகொண்டிருந்தாள். ஒரு தடவை மினி பஸ் ஹாரன் புகுந்தது, ஒரு தடவை என் வீட்டுக் குக்கர். நான்காவது தடவை முழுதாகப் பாடினாள்.

நீங்கள் கேட்காத சரணம் இதுதான். தண்ணீர் வடிந்து பாலத்தைத் திறந்துவிடுகிறார்கள். சேற்றில் ஒற்றைச் செருப்பு கிடக்கிறது, சின்னப் பிள்ளையுடையது. யாருடையது என்று தெரியவில்லை. அதைத் தாண்டி டியூஷனுக்குப் போகிறாள்.

கீபோர்டு வாசிப்பவர், பழங்காநத்தம்

அதை விட்டுவிட்டா கைதட்டு வாங்கிக் கொடுத்தேன்! கடைசி வரி ஏ மேஜருக்குத் திரும்புகிறதா, இல்லையா? கேட்டுச் சொல்லுங்கள் அம்மா.

பக்கத்து வீட்டுக்காரி, செல்லூர்

மேஜர் மைனரெல்லாம் எனக்குத் தெரியாது. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். பாட்டு பாதியில் நின்றதுபோல இருந்தது. "முடிந்துவிட்டதா?" என்று கேட்டேன். "முடிந்துவிட்டது அக்கா" என்றாள்.