எம்பிஓ கனெக்டர்: மொம்பாசா முதல் கானோ வரை, கையைச் சுடும் இடங்கள்

ரேக்42:
சீகாம், டீம்ஸ் 2009-இல், ஈஸி 2010-இல் என்று கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வரிசையாகக் கடல் கேபிள்கள் வந்தன. மேற்கே ஈக்வியானோ 2022-இல் கரையேறியது. கடலில் எத்தனை டெராபிட் வந்தாலும் கடைசியில் அது ஒரு ரேக்குக்குள்தான் அடங்க வேண்டும். எல்சி டூப்ளெக்ஸ் (இழைகளை இரண்டிரண்டாக இணைக்கும் கனெக்டர்) என்றால் 1யூ-வில், அதாவது ரேக்கின் ஒரு தட்டு உயரத்தில், 144 ஒளியிழை. அதற்கு மேல் நெருக்கினால் கார்டை, அதாவது சிறு இணைப்புக் கேபிளை, கழற்ற விரல் நுழையாது. அதனால்தான் எம்பிஓ, பல இழைகளை ஒரே முனையில் இணைக்கும் கனெக்டர்: 6.4 மிமீ அகல முகத்தில், 0.25 மிமீ இடைவெளியில் 12 இழை.

முதல் வம்பு பின்னில் (முனைகளை நேராக நிறுத்தும் சிறு ஊசி). டிரான்ஸீவருக்குள் (ஒளியை அனுப்பி வாங்கும் கருவி) பின் உண்டு, அதனால் அதில் செருகும் கார்டு பின் இல்லாததாக இருக்க வேண்டும். கேசட்டின் (எம்பிஓ-வை எல்சி முனைகளாகப் பிரிக்கும் பெட்டி) உட்புறமும் பெரும்பாலும் பின்னோடுதான் வரும், ஆகவே ட்ரங்கின் (ரேக்குகளுக்கு இடையே ஓடும் பல இழைக் கேபிள்) இரு முனையும் பின் இல்லாதது. ஆனால் பின் இல்லாத இரண்டு முனைகளை அடாப்டரின் இருபுறமும் செருகினாலும் ‘டிக்’ என்று அழகாகப் பூட்டிக்கொள்ளும்! 0.7 மிமீ தடிமனுள்ள அந்தப் பின் இல்லாமல் இழைகள் நேர்க்கோட்டில் நிற்காது. ஒரு இழை ஓரளவு வரும், பக்கத்து இழை இருண்டு கிடக்கும். ஸ்பிளைஸில்தான் (இழைகளை ஒட்டிய இடம்) கோளாறு என்று அரை நாள் தேடுவார்கள். பின்னோடு பின்னை மோதவிட்டால் இன்னும் மோசம், முகமே போய்விடும்.

நீலஇழை:
பின் சரியாக இருந்தும் லிங்க் எழாத கேஸ்தான் அதிகம். 100ஜி எஸ்ஆர்4-ஐ (நொடிக்கு 100 ஜிகாபிட், குறுந்தூர டிரான்ஸீவர்) எடுத்துக்கொள்ளுங்கள். 1 முதல் 4 வரை அனுப்பும் இழை, 9 முதல் 12 வரை வாங்கும் இழை, நடுவில் நாலும் சும்மா. ஏ வகை நேர் கேபிளால் (1-ஆம் இழை 1-க்கே போவது) இரண்டு டிரான்ஸீவரை இணைத்தால் அனுப்புவதும் அனுப்புவதும் முகத்துக்கு முகம் நிற்கும். பவர் மீட்டரில் இரு முனையிலும் வெளிச்சம் பிரமாதமாக இருக்கும், போர்ட் மட்டும் செத்தே கிடக்கும். நேரடி இணைப்புக்கு பி வகை (1-ஆம் இழை 12-க்குப் போவது). ட்ரங்க் ஏ என்றால் ஒரு முனையில் ஏ கார்டு, மறுமுனையில் பி. ட்ரங்க் பி என்றால் இரு முனையிலும் பி. இதை ஸ்டிக்கரில் எழுதி ட்ரங்க் முனையிலேயே ஒட்டிவிடுங்கள், ஷிஃப்ட் மாறினால் யாருக்கும் நினைவிருக்காது.

சிங்கிள்மோடு (ஒல்லியான கோர் உள்ள நெடுந்தூர இழை) எம்பிஓ-வில் முகம் 8 டிகிரி சாய்வு. அதற்குக் கீ-மேல், கீ-கீழ் அடாப்டர்தான் (கீ என்பது கனெக்டரின் ஒரு பக்கத்து மேடு). இரண்டு கீயும் மேலே இருக்கும் அடாப்டரில் போட்டால் சாய்வுகள் ஒன்றோடொன்று படியாமல் நடுவே இடைவெளி விழும்.

கரையோரம்:
ஒளி இழப்பு பட்ஜெட் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். ஓஎம்4 மல்டிமோடு இழையில் 100 மீட்டர் எஸ்ஆர்4-க்கு அனுமதிக்கும் மொத்த இழப்பு 1.9 டெசிபல் (டிபி), அதில் கனெக்டர்களுக்கு 1.5 டிபி. சாதா எம்பிஓ 0.75 டிபி என்றால் இரண்டு இணைப்பிலேயே தீர்ந்தது. 0.35 டிபி குறை இழப்பு வகை என்றால் நாலு தாங்கும். விலை கூடுதல்தான், ஆனால் கேசட் வைத்த வழியில் வேறு கதி இல்லை.

ஹர்மட்டான்:
வட நைஜீரியாவின் கானோ பக்கம் நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் நடுவரை சஹாரா தூசி. ஒளி ஓடும் 9 மைக்ரான் கோரின் நடுவில் நுண்ணிய துகள் உட்கார்ந்தாலும் வெளிச்சம் மட்டுப்படும். இதில் காற்றும் வறண்டது: காய்ந்த துணியால் தேய்த்தால் முகத்தில் மின்னேற்றம் ஏறி, பக்கத்துத் தூசியையும் அதுவே இழுத்துக்கொள்ளும். மூடி போட்டுப் புதிதாக வந்த கார்டும் சுத்தம் என்று நம்பாதீர்கள். ஸ்கோப்பில் பார்க்க வேண்டும், துடைக்க வேண்டும், மறுபடி பார்க்க வேண்டும், பிறகுதான் செருக வேண்டும். கிளிக் கிளீனரில் (பேனா வடிவத் துடைப்பான்) மூன்று தடவைக்கும் போகாவிட்டால் 99% ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) தொட்ட பஞ்சு உதிராத துணி, உடனே காய்ந்த துணி. பின் உள்ள முனையில் அழுக்கு பின்னின் அடிவாரத்தில் ஒளிந்திருக்கும். 12 இழையையும் பாருங்கள். ஓரத்து இழையை விட்டுவிடுகிறார்கள்.

கரையோரம்:
கென்யக் கடலோர மொம்பாசாவில் இதற்கு நேர் எதிர், ஈரம். திறந்து வைத்த ஐபிஏ பாட்டில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு, துடைத்த இடத்தில் கறை விடும். சின்ன பாட்டிலாக வாங்குங்கள்.

புதியவன்:
ட்ரங்க் நீளம் எப்படி முடிவு செய்வது? வெட்டி ஒட்ட முடியாதே.

ரேக்42:
வரைபடத்தை நம்பாதீர்கள், கயிறு விட்டு அளந்து பாருங்கள். மேலே ஏறுவது, ரேக்கில் இறங்குவது, தட்டில் சுற்றுவது எல்லாம் சேர்த்து 2–3 மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். நீளம் குறைந்தால் வெளிநாட்டிலிருந்து மாற்று வந்து, துறைமுகத்தில் கிளியர் ஆகும்வரை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முனையை மூடும் இழுப்பு உறையின் விட்டத்தையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். 40/33 டக்ட் (கேபிள் குழாய்) என்றால் உள்விட்டம் 33 மிமீ, வளைவில் அது இன்னும் இறுக்கம். இழுக்கும் விசை கேபிளின் வலுநூலில் விழ வேண்டும், கனெக்டரில் அல்ல.

நீலஇழை:
உதிரிக்கு: பின், போலாரிட்டி (ஏ/பி இழை வரிசை) இரண்டையும் களத்திலேயே மாற்றக்கூடிய வகை, யுஎஸ் கோனெக்கின் எம்டிபி ப்ரோ மாதிரி, நாலு கார்டு இருந்தால் எல்லா வகையையும் அடுக்கி வைக்க வேண்டாம். மாற்றியதும் ஸ்டிக்கரையும் மாற்றுங்கள்.