பக்கத்து வீட்டு மாமரம் நம்ம கூரை மேல வந்துட்டா யாரு வெட்டணும்? பினாங்குல இருக்கவங்க சொல்லுங்க

ஆயர்ஈத்தாம்_அம்மா
வணக்கம் எல்லாருக்கும். நாங்க ஆயர் ஈத்தாம்ல ஒரு தெரஸ் வீட்ல இருக்கோம், பக்கத்து வீட்டுக்காரரோட மாமரம் நல்லா பெருத்து, பாதி கிளை நம்ம கிச்சன் ஜிங் (தகரக்) கூரை மேலதான் படுத்துக் கிடக்கு. காத்தடிச்சா ராத்திரியில டமார் டமார்னு காய் விழுது, மாமியாருக்கு ஏற்கனவே பிரஷர், தூக்கிவாரிப் போட்டு எழுந்து உக்காந்துருவாங்க. கட்டர் (கூரை ஓரத்துல மழைத் தண்ணி ஓடற குழாய்) முழுக்க இலை, ஒவ்வொரு மழைக்கும் தண்ணி கிச்சன் செவுத்துல இறங்குது. இப்ப புதுசா பின்னாடி லோங்காங் (சாக்கடை வாய்க்கால்) பக்கம் சிமெண்ட்டு தூக்கிட்டு வெடிப்பு விட்டிருக்கு, வேராத்தான் இருக்கும்னு பிளம்பர் சொல்றாரு. அந்த வீட்ல இப்ப இருக்கிறது வாடகைக்காரங்க, பாவம் அவங்களும் என்ன செய்வாங்க, ஓனர் சீன அங்கிள் எப்பவாவதுதான் வருவாரு. கேட்டா "மரம் இருபது வருஷத்துக்கு மேல இங்க இருக்கு, நீங்க அப்புறம் வந்தவங்க" அப்படிங்கிறாரு. நாங்களே ஆளு கூட்டி வெட்டினா கேஸ் வருமா? பழத்தை எடுத்துக்கலாமா? வெடிப்புக்கு காசு கேக்கலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பிறை_அண்ணே
தங்கச்சி, முதல்ல ஒண்ணு, அங்கிள்கிட்ட சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி கட்டரை இன்னைக்கே கிளீன் பண்ணுங்க. இலை அடைச்சு தண்ணி நின்னா ஏடிஸ் கொசு அங்கதான் முட்டை போடும், ஹெல்த் ஆளுங்க வந்து புழு பாத்தா 1975 கொசு ஒழிப்புச் சட்டப்படி கம்பவுண்ட் (அபராதம்) உங்க வீட்டுக்குத்தான், இலை யாரு மரத்து இலைன்னு கேக்க மாட்டாங்க. அப்புறம் கிளை கரண்டு கம்பியைத் தொடுதான்னு பாருங்க, தொட்டா நீங்க யாரும் பாராங் (வெட்டுக்கத்தி) எடுத்துட்டு ஏறவே கூடாது, கரண்டு கம்பெனி டிஎன்பிக்கு 15454ல போன் பண்ணுங்க.

வக்கீல்_ஆபிஸ்_வேலை
நான் வக்கீல் இல்ல, ஆனா சட்ட ஆபிஸ்ல இந்த மாதிரி ஃபைல் நிறைய பாத்திருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

மரக்கிளைக்குன்னு தனியா சட்டம் தேடினா கிடைக்காது. 1956 சிவில் லா ஆக்ட் 3வது பிரிவு, இங்கிலாந்து பொதுச் சட்டத்தை இங்க எடுத்துக்கச் சொல்லுது, அதனாலதான் அங்க வந்த பழைய தீர்ப்பெல்லாம் நம்ம கோர்ட்லயும் பேசறாங்க. உங்க அங்கிள் சொல்ற "இருபது வருஷம்" கதையை அப்படியே 1894லயே ஒருத்தர் சொல்லிப் பாத்துட்டாரு. லெம்மன் எதிர் வெப்னு கேஸ். எங்க மரம் அந்தப் பக்கம் தொங்கிட்டே இத்தனை வருஷம் ஆச்சு, எங்களுக்கு உரிமை வந்துருச்சு, சொல்லாம வெட்டினது தப்புன்னு மரக்காரர் வாதாடினாரு, லார்ட்ஸ் சபை (அப்ப இங்கிலாந்தோட உச்ச கோர்ட்) ஒத்துக்கல. எத்தனை வருஷம் தொங்கினாலும் அடுத்தவங்க இடத்துல தொங்கறதுக்கு உரிமை வராது, அவங்க நிலத்துல கால் வைக்காம உங்க பக்கம் நின்னுகிட்டு எல்லை வரைக்கும் வெட்டலாம், நோட்டீஸ் கூட கட்டாயம் இல்ல. இதுல "எல்லை வரைக்கும்"தான் முக்கியம். வேலியைத் தாண்டி ஒரு அடி உள்ள போய் வெட்டினீங்கன்னா நீங்கதான் பதில் சொல்லணும். வேலி போட்ட இடமே எல்லைன்னு நம்பிடாதீங்க, எல்லைக் கல்லு எங்க இருக்குன்னு கிராண்ட் (நிலப் பத்திரம்) பிளான் வச்சு பாருங்க.

பழம் அவரோடது. உங்க கூரை மேல காய்ச்சாலும் அவரோடதுதான். 1919ல மில்ஸ் எதிர் புரூக்கர் கேஸ்ல தன் பக்கம் தொங்கின ஆப்பிளைப் பறிச்சு வித்தவரு காசு கட்ட வேண்டி வந்துச்சு. வெட்டின கிளையும் அப்படித்தான், எடுத்துக்கிறீங்களான்னு ஒரு வார்த்தை கேளுங்க, கேக்காம அவர் பக்கம் வீசாதீங்க.

வெடிப்புக்கு காசு கேக்கலாம். 1940லயே பாப்லர் மரத்து வேர் வீட்டைக் கெடுத்ததுக்கு மரத்துக்காரங்க பொறுப்புன்னு தீர்ப்பு இருக்கு. ஆனா வேராலதான் வெடிச்சுதுன்னு நீங்கதான் காட்டணும், பிளம்பர் வாய்ல சொன்னது பத்தாது. சிமெண்ட்டைத் தோண்டி வேர் தெரியற மாதிரி போட்டோ எடுங்க, அளவுகோல் வச்சு எடுங்க, ரிப்பேர் கொட்டேஷன் எழுத்துல வாங்குங்க. தொகை 5,000 வெள்ளிக்குள்ள (ரிங்கிட்) இருந்தா மாஜிஸ்திரேட் கோர்ட்ல சின்ன வழக்கு முறையில வக்கீல் இல்லாமலே போடலாம்.

வாடகைக்காரங்களை விடுங்க, ஓனருக்கே எழுதுங்க. லேண்ட் ஆபிஸ்ல அந்த லாட்டுக்கு சர்ச் போட்டா பதிவான பேர் வரும். கடிதம் மலாய்ல எழுதி ரெஜிஸ்டர் போஸ்ட்ல அனுப்புங்க. ஏன்னா நாளைக்கு கிளை முறிஞ்சு யாராவது மேல விழுந்தா, "ஆபத்து இருக்குன்னு அவருக்குத் தெரியுமா"ங்கிறதுதான் பெரிய கேள்வி. 1926ல ஒரு கேஸ்ல கிளைக்குள்ள மறைஞ்சிருந்த குறை யாருக்கும் தெரியாததால ஓனர் தப்பிச்சாரு. உங்க கடிதம் போய்ச் சேந்த பிறகு அவர் எனக்குத் தெரியாதுன்னு சொல்லவே முடியாது.

கேஎல்_செந்தூல்
மேல சொன்னது சரிங்க அண்ணே, ஒண்ணு சேக்கறேன். கிளை வெட்டறது வேற, மரத்தையே சாய்க்கறது வேற. பினாங்குல 1976 நகர் கிராமத் திட்டச் சட்டம் ஓடுது, அதுல மரப் பாதுகாப்பு பகுதியை 1995ல சேத்தாங்க, அடிமரத்துச் சுத்தளவு 80 சென்டிமீட்டருக்கு மேல இருந்தா கவுன்சில் எழுத்து அனுமதி இல்லாம சாய்க்கக் கூடாது. சொந்த நிலத்து மரம்னாலும்தான். அதனால அங்கிளே கோவத்துல "சரி வெட்டித் தொலைச்சிடறேன்"னு சொன்னாலும் அனுமதி வாங்கச் சொல்லுங்க. கேஎல்லுக்கு அந்தச் சட்டம் இல்ல, 1982ல வந்த தனிச் சட்டம், இங்க கேஎல்ல இருக்கவங்க டிபிகேஎல் (கேஎல் நகராண்மை)கிட்ட கேட்டுக்கோங்க.

ஆபத்தை லேசா எடுத்துக்காதீங்க யாரும். 2024 மே 7ல ஜாலான் சுல்தான் இஸ்மாயில்ல மரம் சாஞ்சு ஒருத்தர் இறந்தே போயிட்டாரு, நட்ட நடு சிட்டியில. உங்க ஊர்ல 2017 நவம்பர் புயல்ல எவ்ளோ மரம் விழுந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

ஆயர்ஈத்தாம்_அம்மா
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. கடிதம் எழுத ஆரம்பிச்சிட்டேன். வீட்டுக்காரரு என்ன சொல்றாருன்னா, எல்லை வரைக்கும் ஒரே நாள்ல மொட்டையா வெட்டிடலாம்னு. அப்படிப் பண்ணா மரம் செத்துடாதா? எனக்கு மரத்து மேல கோவம் இல்ல. இன்னொண்ணு, அவங்க வேலி ஓரத்துல ஒரு வேப்பமரமும் இருக்கு, அடியில யாரோ மஞ்சத் துணி கட்டி விளக்கு வச்சிட்டுப் போறாங்க, அதோட கிளையும் நம்ம பக்கம்தான், அதைத் தொட மாமியார் விடவே மாட்டாங்க.

மரம்_வெட்டும்_தம்பி
அக்கா, நம்ம தொழிலே இதுதான். மாமரத்தை ஒரு பக்கம் மட்டும் மொட்டையா வெட்டினா எடை எல்லாம் மறுபக்கம் போயிடும், அடுத்த பெரிய காத்துக்கு வேரோட சாயும், சாஞ்சா அவங்க வீட்டு மேல. காய் இறங்கின பிறகு ரெண்டு மூணு தடவையா பிரிச்சு வெட்டச் சொல்லுங்க. முதல்ல கிளைக்கு அடியில கொஞ்சம் அறுத்துட்டு அப்புறம் மேல இருந்து அறுக்கணும், இல்லைன்னா பட்டை உரிஞ்சு தண்டு வரைக்கும் கிழிஞ்சிடும். அடிமரத்தோட ஒட்டின வீக்கம் மாதிரி ஒரு வளையம் இருக்கும், அதை விட்டு வெளிய அறுத்தா காயம் தானா மூடிக்கும். ஆனா அந்த வளையம் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தா நீங்க அது வரைக்கும் போக முடியாது, அதுக்குத்தான் அங்கிள் சம்மதிச்சு அவங்க பக்கம் ஏணி வைக்க விட்டா மரத்துக்கும் நல்லது. மாம்பால் தோல்ல பட்டா கொப்பளிக்கும், முழுக்கை சட்டை போட்டுக்கணும். வேருக்கு மண்ணெண்ணெய், கள மருந்து ஊத்தற ஐடியா யாராவது குடுத்தா கேக்காதீங்க, மரம் செத்தா நஷ்டஈடு நீங்கதான் குடுக்கணும், பட்டுப்போன மரம் இன்னும் ஆபத்து.

வேப்பமரத்துக்கு, விளக்கு வைக்கிறவங்க யாருன்னு கேட்டு அவங்களையும் கூட்டி வச்சு, கற்பூரம் காட்டிட்டு கூரையைத் தொடற கிளையை மட்டும் எடுத்தா மாமியார் மனசும் கேக்கும், நான் அப்படித்தான் நிறைய வீட்ல செஞ்சிருக்கேன். வெட்டின கிளையைப் பின்னாடி வச்சு கொளுத்தாதீங்க, திறந்த வெளியில எரிக்கறது சட்டப்படி தப்பு. லாரி வாடகையை கொட்டேஷன்லயே சேத்து வாங்கிடுங்க, இல்லைன்னா ஆளுங்க வெட்டிப் போட்டுட்டு அப்படியே போயிடுவாங்க.